தராசு காட்டாத கொழுப்பு

“டயட் இருந்தேன், ரெண்டே மாசத்துல ஆறு கிலோ குறைஞ்சுது. அப்புறம் எப்படின்னே தெரியல, மறுபடியும் ஏறிடுச்சு.” திருப்பத்தூர் மாவட்டத்தின் ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பிலும், வாணியம்பாடி டேனரி வாசலிலும், ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸிலும் காதில் விழுகிற பேச்சு இது. சொல்கிறவர் கையோடு தனக்கே ஒரு தீர்ப்பும் எழுதிக்கொள்கிறார்: வாயைக் கட்டத் தெரியவில்லை. வீட்டிலும் அதே தீர்ப்புதான். பல நேரம் மருத்துவரும் அதையே சொல்லி அனுப்பிவிடுகிறார். அந்தத் தீர்ப்பு தவறு என்று சொல்லக் கடந்த முப்பது ஆண்டுகளில் போதுமான சான்று சேர்ந்திருக்கிறது. அதில் நமக்கு மிகவும் வேண்டிய பகுதி சென்னையிலும் வேலூரிலுமே கிடைத்தது. எடை என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு, ஜெயித்த பலரையும் தோற்றவர் பட்டியலில் சேர்த்து வருகிறோம் என்பதை அந்தச் சான்று காட்டுகிறது.

உடம்பு கொழுப்பை எப்படிச் செலவழிக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஓடினால்தான், வியர்த்தால்தான் கொழுப்பு எரியும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தினமும், தூக்கத்திலும்கூட எரிகிறது. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவருக்கு முதல் சில மணி நேரம் அந்தச் சோற்றின் சர்க்கரையே எரிபொருள். ரத்தத்தில் சர்க்கரை ஏறியதும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. பழைய வீடுகளில் நெல் கொட்டிவைத்த குதிர் மாதிரிதான் உடம்பின் கொழுப்புக் கிடங்கும். மேலே கொட்டலாம், அடியில் உள்ள துளை வழியாக எடுக்கலாம். இன்சுலின் ஓங்கியிருக்கும்வரை அந்தத் துளை அடைபட்டிருக்கும். நள்ளிரவு தாண்டி இன்சுலின் தணிந்ததும் துளை திறக்கிறது. கொழுப்பணுவுக்குள் இருக்கும் ட்ரைகிளிசரைடு உடைந்து, கொழுப்பு அமிலங்களாகவும் கிளிசராலாகவும் ரத்தத்தில் கலக்கிறது. தசையும் இதயமும் கல்லீரலும் அந்த அமிலங்களை வாங்கி, மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகளில் ஆக்சிஜனோடு சேர்த்து எரிக்கின்றன.

எரிந்த கொழுப்பு எங்கே போகிறது? 2014-ல் ஆஸ்திரேலியாவின் ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. வயிற்றில் சுற்றி வியர்க்க வைக்கும் ‘ஸ்லிம் பெல்ட்’ வெளியேற்றுவது தண்ணீரை மட்டுமே. நான்கு சொம்பு தண்ணீர் குடித்தால் அந்த எடை திரும்பிவிடும். வயிற்றுக்கென்று தனியாகப் பயிற்சி செய்து வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்கவும் முடியாது. எந்த இடத்துக் கொழுப்பு முதலில் போக வேண்டும் என்பதை உடம்புதான் தீர்மானிக்கும்.

இங்கே பலரும் தடுக்கி விழும் ஒரு இடம் இருக்கிறது. கொழுப்பு எரிவது வேறு, குறைவது வேறு. இரவில் எரிந்ததைப் பகலில் திரும்பக் கொட்டிவிட்டால் கிடங்கு அப்படியேதான் இருக்கும். ‘ஃபேட் பர்னிங்’ என்று விற்கப்படும் தேநீரும் பொடியும் எரிவதைப் பற்றிப் பேசுகின்றன, குறைவதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. உட்கார்ந்து வேலை செய்யும் 55 கிலோ எடையுள்ள பெண்ணின் ஒரு நாள் தேவை 1,660 கலோரி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-ல் வகுத்தது. அப்படியானால் அந்த ஒரு கிலோ, நாலரை நாளுக்கு மேல் தாங்கும் சேமிப்பு.

உடற்பயிற்சியால் மட்டும் இதைக் கரைத்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் ஏலகிரி மலையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறுகிறார், 600 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். தசைகள் தாங்கள் செலவழிக்கும் ஆற்றலில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன. அதையும் சேர்த்தால் உயரம் ஏறுவதற்கு மட்டும் ஆகும் செலவு 350 கலோரிக்கு அருகில் வரும். முழுதும் கொழுப்பிலிருந்தே எடுக்கப்பட்டாலும் 40 கிராமைத் தாண்டாது. மேலே போய் ஒரு பரோட்டாவும் ஒரு டீயும் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். நடப்பது வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. நடையின் பலன் வேறு இடத்தில் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

அப்படியானால் சாப்பாட்டைக் குறைத்தால் போதாதா? போதும், சில வாரங்களுக்கு. முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்கும்போது வரும் உற்சாகம் பெரும்பாலும் தண்ணீரைப் பார்த்து வருவது. கல்லீரலும் தசையும் கிளைகோஜன் என்ற சர்க்கரைக் கையிருப்பை அரைக் கிலோ அளவில் வைத்திருக்கின்றன. அதன் ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. சோற்றை நிறுத்தினால் கிளைகோஜன் செலவாகித் தண்ணீரும் போகிறது. ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டதும் இரண்டும் திரும்பி வருகின்றன. “ஒரு நாள் சாப்பிட்டேன், ரெண்டு கிலோ ஏறிடுச்சு” என்று கலங்குகிறவரின் உடம்பில் புதிதாகச் சேர்ந்த கொழுப்பு மிகச் சொற்பம். ஆனால் மனம் ஒடிவது அன்றைக்குத்தான்.

தண்ணீர் போன பிறகு வருவது உண்மையான போராட்டம். 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் ஆய்வகம் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தது. கொழுப்பணுக்கள் சுரக்கும் இது, கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் செய்தி சொல்கிறது. கொழுப்பு குறைந்தால் லெப்டின் இறங்கும், மூளை அதைப் பஞ்சம் என்றே எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்துக்கொள்ள அதற்கு நியாயம் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் வட ஆற்காட்டையும், திருப்பத்தூரை உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டத்தையும் சூறையாடியது. மனித வரலாற்றின் பெரும்பகுதியில் எடை குறைவது என்றால் சாவு நெருங்குவது. அதைத் தடுக்கவே உடம்பு பழகியிருக்கிறது.

தடுப்பின் அளவு என்ன என்பதையும் கணக்கிட்டிருக்கிறார்கள். அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தின் கெவின் ஹால் குழு மதிப்பிட்டபடி, ஒவ்வொரு கிலோ குறையும்போதும் உடம்பின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி சுருங்குகிறது. பசியோ ஏறத்தாழ 100 கலோரி கூடுகிறது. ஆறு கிலோ குறைத்தவருக்கு நாளொன்றுக்கு 600 கலோரி அளவு கூடுதல் பசி. அதாவது இன்னொரு முழுச் சாப்பாட்டுக்கான பசி, தினமும், ஓய்வில்லாமல். அதே ஹால் 2016-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கடும் பயிற்சியோடு எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் சோதித்தது. சராசரியாக 58 கிலோ இழந்திருந்த அவர்களுக்கு 41 கிலோ திரும்பி வந்திருந்தது. ஓய்வுநிலைச் செலவு மட்டும் எதிர்பார்த்ததைவிட நாளுக்கு 500 கலோரி குறைவாகவே நின்றுவிட்டது. ஆஸ்திரேலியாவில் பிரியா சுமித்ரன் குழு 2011-ல் காட்டியதும் இதையே: எடை குறைத்து ஓராண்டு கழிந்த பிறகும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் ஒருவரைப் பார்த்து வாயைக் கட்டத் தெரியாதவர் என்று சொல்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

இனி எந்த டயட் என்ற கேள்வி. தமிழ்நாட்டில் பத்தாண்டுகளுக்கு முன் நியாண்டர் செல்வன் எழுத்தாலும் முகநூல் குழுவாலும், மாவுச்சத்தைத் தவிர்க்கும் பேலியோ பரவியது. பிறகு கீட்டோ வந்தது, அதன் பின் பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் முறை வந்தது. கொள்ளு ரசம் என்றைக்கும் இருக்கிறது. 2018-ல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கொழுப்பையும் மறு குழுவுக்கு மாவுச்சத்தையும் ஓராண்டு குறைத்துப் பார்த்தார். முதல் குழுவில் சராசரி 5.3 கிலோ, இரண்டாவதில் 6 கிலோ குறைந்தது. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் ஒரே குழுவுக்குள் ஒருவருக்கு முப்பது கிலோ இறங்கியது, இன்னொருவருக்குப் பத்து கிலோ ஏறியது. நேரக் கட்டுப்பாட்டு உண்ணல் பற்றி 2022-ல் சீனாவிலிருந்து வந்த ஆய்விலும், ஒரே கலோரியைச் சாப்பிட்டால் நேரத்தைச் சுருக்கியதால் மட்டும் கூடுதல் பலன் இல்லை என்றுதான் தெரிந்தது. கொள்ளு கொழுப்பைக் கரைக்காது. ஆனால் நூறு கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல் புரதமும் நிறைய நார்ச்சத்தும் இருப்பதால் பசி தாமதமாக எடுக்கும். பேலியோ பலருக்குச் சர்க்கரையை இறக்கியது உண்மைதான். அரிசி ஊரில், அரிசி சமைக்கும் வீட்டில், ஆயுள் முழுக்க அரிசியைத் தொடாமல் இருக்க முடிந்தவர்கள் சிலரே. ஒரு டயட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, பத்தாவது வருடத்திலும் இதைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேனா என்பதே.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். நம் உடம்புக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. 2004-ல் லான்செட் இதழில் புனேயின் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனின் ஜான் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று வந்தது. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. வெள்ளைக்காரரின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியரிடம் 21.2. தராசுக்கு இருவரும் ஒன்றுதான். நம்மவர்களுக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் தங்குகிறது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உருவம் நம் தெருவில் எத்தனை!

இதன் வேர் பிறப்புக்கும் முன்னால் போகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் கே.வி.குப்பம் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளைப் பதிவு செய்துவைத்தது. அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை 28 வயது வாக்கில் தேடிப் பிடித்துச் சோதித்தபோது, நகரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரையைக் கையாளும் திறன் ஏற்கெனவே குறைந்திருந்தது. கிராமத்து நிலையும் இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. அதே காலத்தில் டெல்லியில் பிறந்தவர்களைத் தொடர்ந்த ஆய்வு இன்னொன்றைச் சேர்த்தது: இரண்டு வயதில் மெலிந்திருந்து, பிறகு படிப்படியாக எடை ஏறிய பிள்ளைகளுக்கே பின்னாளில் நீரிழிவு அதிகம். கம்பும் கேழ்வரகும் அரைவயிறாகச் சாப்பிட்ட தாயின் பிள்ளை, வயிறு நிறையச் சோறு கிடைக்கும் காலத்துக்குள் வந்து நிற்கிறது. குழந்தையாக இருந்தபோது தசையைச் சேர்க்க முடியாத உடம்பு, மிகுந்துவரும் சர்க்கரையை எங்கே வைக்கும்? கல்லீரலில் கொழுப்பாக வைக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காடு பேர் அதிக எடை கொண்டவர்கள். அதே ஆய்வில் 53.4 விழுக்காடு பெண்களுக்கு ரத்தசோகை. எடை கூடுதலும் ஊட்டக்குறைவும் ஒரே உடம்பில் குடியிருக்கின்றன. இப்படிப்பட்டவரிடம் “பாதி சாப்பிடு” என்று மட்டும் சொன்னால் கொழுப்போடு தசையும் இரும்பும் சேர்ந்து போகும். புரதமில்லாமல் பட்டினி கிடந்து இழக்கும் எடையில் கால் பங்கோ அதற்கு மேலோ தசை. எடை திரும்பும்போது வருவதில் பெரும்பங்கு கொழுப்பு. இரண்டு மூன்று முறை இப்படி ஏறி இறங்கினால், பழைய எடையிலேயே முன்பைவிட மோசமான உடம்பு மிஞ்சும்.

இந்த இடத்தில் சென்னை ஆய்வைச் சொல்ல வேண்டும். மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவு 2006-ல் வெளியானது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான அறிவுரை. இன்னொரு பகுதியினருக்குத் தினமும் அரை மணி நடை, தீட்டிய அரிசியும் சர்க்கரையும் எண்ணெயும் குறைவு, நார்ச்சத்து கூடுதல். அவ்வப்போது நேரிலும் தொலைபேசியிலும் அழைத்துக் கேட்டுக்கொண்டார்கள். முதல் பகுதியில் 55 விழுக்காடு பேருக்கு நீரிழிவு வந்தது, இரண்டாவதில் 39.3. ஆனால் எடை? குறிப்பிடும்படி இறங்கவில்லை. தராசை மட்டும் பார்த்திருந்தால் இத்தனை பேரையும் டயட்டில் தோற்றவர்கள் என்று எழுதியிருப்பார்கள். நூற்றுக்குப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் அந்த மூன்று ஆண்டில் நோயிலிருந்து தப்பியிருந்தார்கள்.

காரணத்தை ஓரளவு சொல்ல முடியும். நடக்கும் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலே ரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஏலகிரிக் கணக்கில் தெரியாத நடையின் பலன் இதுதான். கல்லீரல் கொழுப்பும் மற்ற இடத்துக் கொழுப்பைவிடச் சீக்கிரம் நகர்கிறது. பிரிட்டனில் ராய் டெய்லர் 2011-ல் நீரிழிவு உள்ள 11 பேருக்குக் கலோரியை வெகுவாகக் குறைத்துக் கொடுத்தபோது, ஏழே நாளில் கல்லீரல் கொழுப்பு சுமார் 30 விழுக்காடு இறங்கிக் காலைச் சர்க்கரை இயல்புக்கு வந்தது. எடை குறைவதற்குப் பயனே இல்லை என்று இதைப் படிக்கக் கூடாது. அவரே பங்கேற்ற பின்னைய ஆய்வில், 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 விழுக்காடு பேருக்கு நீரிழிவு விலகியது. பெரிய எடை உள்ளவர் மருத்துவரின் துணையோடு குறைக்கத்தான் வேண்டும். ஆனால் 62 கிலோ எடையில் தொப்பையோடு இருப்பவர் தராசில் இரண்டு கிலோவைத் துரத்துவதைவிட இடுப்பை அளப்பது மேல். நம்மவர்களுக்கு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்பது எல்லை. பெல்ட் தைக்கும் ஊர் இது. பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே போவது, தராசு அசையாவிட்டாலும், நல்ல செய்தி.

இனி தட்டைப் பார்ப்போம். ஷூ கம்பெனிகளில் அப்பர் தைக்கும் லைனில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். விடியுமுன் எழுந்து வீட்டுக்கு முழுக்கச் சமைத்து, தன் டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதமோ புளிசாதமோ அழுத்தி நிரப்பி, மேலே உருளைக்கிழங்கு வறுவலை வைத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறார் ஒருவர். பகல் முழுக்க மெஷின் முன்னால், மணிக்கு இத்தனை பீஸ் என்ற டார்கெட்டோடு. அந்த டப்பாவில் 350 கிராம் சோறு இருந்தால் 450 கலோரிக்கு மேல், எண்ணெயும் கிழங்கும் சேர்த்து 600-ஐத் தாண்டும். புரதமோ பத்து கிராமைச் சுற்றியே நிற்கும். ஒரு நாளுக்கு அவருக்கு வேண்டியது 46 கிராம். இரண்டு மணிக்கெல்லாம் கண் சொக்குவதும், நாலு மணிக்கு டீயும் பன்னும் தேடுவதும் அந்த டப்பாவிலிருந்தே தொடங்குகின்றன. அதே டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு சோற்றை எடுத்துவிட்டு ஒரு அவித்த முட்டையும் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டலும் கொஞ்சம் கீரைப் பொரியலும் வைத்தால் கலோரி ஏறக்குறைய அதே அளவில் நிற்கும், புரதம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், சாயங்காலப் பசி தள்ளிப்போகும். ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் (INDIAB) ஆய்வு 2025-ல் சொன்னதும் இதையொட்டியதே: இந்தியர் உணவில் 62 விழுக்காடு ஆற்றல் மாவுச்சத்திலிருந்து வருகிறது, அதில் ஒரு சிறு பங்கைப் பருப்பும் பாலும் தரும் புரதத்துக்கு மாற்றினாலே நீரிழிவு ஆபத்து குறைகிறது.

ஆம்பூர் பிரியாணியைக் குற்றவாளியாக்குவது சுலபம், ஆனால் கணக்கு வேறு. வாரத்துக்கு ஒரு தட்டு, 800 கலோரி என்றே வைத்துக்கொள்வோம். அதில் கறியாவது இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் பத்து கிராம் சர்க்கரை என்றால் சர்க்கரையில் மட்டும் தினம் 200, வாரத்துக்கு 1,400 கலோரி. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் தீர்ந்தால் தலைக்குத் தினமும் 38 கிராம், அது 340 கலோரி. யாரும் இதை விருந்து என்று எண்ணுவதில்லை. டயட் அட்டவணை பிரியாணியைத் தடுக்கிறது, டீயையும் எண்ணெய்க் கேனையும் கண்டுகொள்வதில்லை.

களிக்குத் திரும்புங்கள் என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. கேழ்வரகில் நூறு கிராமுக்கு நார்ச்சத்து 11 கிராம், தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. ஆனால் கேழ்வரகும் மாவுச்சத்துதான். இரண்டு உருண்டைக் களியைச் சாப்பிட்ட முந்தைய தலைமுறை ஏர் பிடித்தது, கிணற்றில் நீர் இறைத்தது. மெஷின் முன் உட்கார்ந்தவருக்கு ஒரு உருண்டையும் கூடுதலாக மொச்சைக் குழம்பும் போதும்.

ரேஷனையும் விட்டுவிட முடியாது. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம், அது பசியை ஒழித்த நல்ல திட்டம். ஆனால் அதே அட்டைக்குத் துவரம் பருப்பு மாதம் ஒரு கிலோதான். நான்கு பேருக்குப் பிரித்தால் தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராம், புரதம் 2 கிராமுக்கும் குறைவு. பை நிறைய அரிசியையும் கைப்பிடி பருப்பையும் கொடுத்துவிட்டு, மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லி அறிவுரை கூறுவதில் நியாயம் இல்லை.

ஜோலார்பேட்டையின் ரயில்வேக்காரர்களுக்கு வேறொரு சிக்கல். இரவு வண்டி ஓட்டுகிறவர் அகாலத்தில் சாப்பிட்டு, பகலில் தூங்குகிறார். இரவில் இன்சுலினின் வேகம் குறைவு, அதே சோறு சர்க்கரையை அதிகம் ஏற்றும். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும். இவருக்குக் காலை எட்டு, மதியம் ஒன்று என்று போட்ட அட்டவணை காகிதத்தோடு சரி. பெரிய சாப்பாட்டை ட்யூட்டிக்கு முன் முடித்துவிட்டு, நடுராத்திரியில் சுண்டலோ மோரோ என்று நிறுத்தினால் ஓரளவு சமாளிக்கலாம்.

எடை குறைக்கும் மருந்துகளும் வந்துவிட்டன. 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ ஊசியும் ஜூனில் வெகோவி ஊசியும் இந்தியச் சந்தைக்கு வந்தன. வெகோவியில் உள்ள செமாக்ளூடைட் பசியின் குரலையே தணிக்கிறது, ஆய்வில் சராசரியாக உடல் எடையில் 15 விழுக்காடு குறைந்தது. ஊசியை நிறுத்திய ஓராண்டில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. உடம்பு எடையைக் காத்துக்கொள்கிறது, மன உறுதி மட்டுமே காரணம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தேவைப்படுவோருக்கு மருந்தைக் கொடுக்க வெட்கப்படவும் வேண்டாம், ஆனால் 2025-ல் இவை அறிமுகமானபோது மாதச் செலவு ஒரு தையல் தொழிலாளியின் சம்பளத்துக்குக் கட்டுப்படியாவதாக இல்லை.

சென்னை ஆய்வில் பலன் கொடுத்தது, உணவு அட்டவணையோடு மாதாமாதம் அழைத்து “எப்படி இருக்கீங்க, நடக்கிறீங்களா?” என்று கேட்ட ஒரு குரல். அதற்கான அமைப்பு இங்கே ஏற்கெனவே இருக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது, பிறகு வேலையிடங்களுக்கும் விரிந்தது. வீட்டுக்கு வரும் ஊழியர் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் பையில் ஒரு இஞ்ச் டேப்பும், இடுப்பளவு குறிக்க அட்டையில் ஒரு கட்டமும் சேர்க்க அரசுக்குப் பெரிய செலவில்லை. கம்பெனி கேன்டீனில் பன்னுக்குப் பக்கத்தில் சுண்டல் வைக்கவும், மதிய இடைவேளையில் பத்து நிமிடம் கூடுதலாக நடக்க விடவும் ஆம்பூர் முதலாளிகளால் முடியும். இவற்றை நாளைக்கே தொடங்கலாம்.